காதில்லாத ஆவாரை

ஸ்கூட்டரைக் கரட்டுக் குன்றின் அடியில் நிறுத்திவிட்டு இறங்கும்போதே குழந்தைவேலுக்கு இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. பிடித்தால் பிடிக்கட்டும், நாலு கொத்து ஆவாரம்பூ ஒடிப்பதற்கு ஓட்டப்பந்தயக்காரன் கால் எதற்கு என்று எண்ணியபடி சீட்டின்மேல் கையூன்றிச் சும்மா நின்றார். போகி நாள், வெயில் சாயத் தொடங்கியிருந்தது, ஊரில் எல்லா வீட்டிலும் இந்நேரம் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டிய கொத்தை வாசல் இறவாரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், காப்புக் கட்டியாச்சா காப்புக் கட்டியாச்சா என்று தெருவுக்குத் தெரு கேட்டுக்கொள்வார்கள். சாவு விழுந்த வீட்டில் மட்டும் அந்த வருடம் காப்புக் கிடையாது, பொங்கலும் கிடையாது. வாசல் வெறுமனே இருக்கும், போகிறவர்கள் ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்கள். கட்டினால் தம்பி மூர்த்தி எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம், கட்டாவிட்டால் அவன் செத்துப்போய்விட்டான் என்று அர்த்தம். இவ்வளவுதான் விஷயம், நடுவில் நிற்க இடமில்லை. கட்டச் சொல்லி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை, வேண்டாமென்றும் திறக்கவில்லை. மகளின் பிரசவத்துக்காகப் போயிருக்கும் மனைவியைக் காலையில் போனில் கேட்டதற்கு, நீங்க பாத்துச் செய்யுங்க என்றாள். பங்காளி வீட்டுப் பெரியவரைக் கேட்டால் அவரும் தொண்டையைச் செருமிவிட்டு, படிச்சவன், நீயே பாத்துச் செய் என்றார். பார்த்துப் பார்த்துச் செய்தே ஒரு மனிதன் தேய்ந்துபோவான் போலிருக்கிறது. கரட்டுப் பக்கம் போயிட்டு வரேன் என்று அவர் கிளம்பியபோது அம்மா, இருட்டறதுக்குள்ள வந்துரு வேலு என்றதோடு சரி. துணி துவைக்கும் கல்லருகில் நின்ற மூர்த்தியின் மனைவி கோகிலா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு குனிந்து துணியைக் கும்மத் தொடங்கினாள். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தால்கூட ஏதாவது ஒரு பதிலைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கரட்டின் சரிவு முழுக்க ஆவாரை பூத்துக் கிடந்தது. மழை வந்தாலும் வராவிட்டாலும் இது இப்படித்தான், மற்ற செடியெல்லாம் சுருண்டு கிடக்கும் கோடையிலும் இலையுதிர்க்காமல் நிற்கும், ஆடு வாய் வைக்காது, வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும், சாவது என்றால் என்னவென்றே தெரியாத செடி. இடுப்புயரப் புதர் ஒன்றின் அருகே போய் ஒரு கிளையை வளைத்துப் பிடித்தார். பிடித்ததும் கண் தானாகவே காம்படிக்குப் போனது, வாத்தியார் புத்தி, தாவரவியல் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து எந்தச் செடியையும் வெறுமனே பார்க்க முடியாமல் போய்விட்டது. சிறகுக் கூட்டிலை, எட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலை, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே குண்டூசித் தலையளவு ஒரு சுரப்பி, இலைக்காம்பு தண்டில் சேருமிடத்தில் பச்சையாக வட்டமாக இரண்டு செதில். காது. அச்சு அசலாக இரண்டு காது. ஒவ்வொரு இலைக்கும் அடியில் இரண்டு காதை வைத்துக்கொண்டு எதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாய் என்று வகுப்பில் செடியைக் கேட்பதுபோல் கேட்டுப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பது அவருடைய பழைய வித்தை, இந்தக் காதுக்காகத்தான் வெள்ளைக்காரன் லத்தீனில் இதற்குக் காதுள்ளது என்று பேர் வைத்தான், இதைப் பார்த்தால் இது ஆவாரை, இது இல்லையென்றால் எவ்வளவு மஞ்சளாகப் பூத்தாலும் ஆவாரை இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். இந்த வருடம் அந்தப் பாடம் வந்தபோது காதைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில்தான் மூன்று பேர் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே. போன் அடித்தால் அம்மாவின் கை அந்தரத்தில் நிற்கும், கோகிலா அடுப்பை அணைத்துவிடுவாள், எடுத்தால் யாரோ கடன் அட்டை வேண்டுமா என்று கேட்பான். இப்போது அடிப்பதேயில்லை. அடிக்காத போனைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அதைவிடப் பெரிய அலுப்பு.

மூர்த்தி போர்வெல் லாரிக்காரன். திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவன் அந்தத் தொழிலில் இருப்பான், துளைபோடும் ரிக் வண்டி முன்னால் போகும், குழாய்க் கம்பிகளை ஏற்றிய துணைவண்டி பின்னால் போகும், ராஜஸ்தான் என்பார்கள், சத்தீஸ்கர் என்பார்கள், தெரியாத ஊரில் தெரியாத மண்ணைத் துளைத்துத் தண்ணீர் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் பொங்கலுக்கு ஊர் வந்து சேர்வார்கள். தண்ணீர் தேடிப் போனவனைத் தண்ணீர் கொண்டுபோயிற்று என்று துக்கம் கேட்க வந்த ஒருவர் அழகாகச் சொன்னார், அவரை அப்போதே அறைந்திருக்க வேண்டும், காப்பி கொடுத்து அனுப்பினார்கள். ஆடி மழை. சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டாறு, தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர், முழங்காலளவுதான் இருக்கும் என்று துணைவண்டியை இறக்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி மறுநாள் சாய்ந்தபடி கிடைத்தது, கம்பிகள்கூடக் கிடைத்தன. மூர்த்தி கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பது ஒரு விசித்திரமான சொல், தேடினால் கிடைக்கலாம் என்பது அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சென்ற போகிக்கு அவன் இருந்தான். இதே கரட்டுக்கு வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து ஒரு சுமை ஆவாரையை ஒடித்துப்போய், வாழைநாரில் கட்டுடா என்று அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்காமல், தார்ப்பாய் கட்டும் மஞ்சள் நைலான் கயிற்றில் ஒரு துண்டை வைத்து இறவாரத்தோடு கட்டினான். நாரெல்லாம் சித்திரைக் காத்துக்கே தாங்காதுண்ணா, இது லாரி முடிச்சு, புயலடிச்சாலும் அவுராது என்றான். அவிழவில்லை. பழைய காப்பு அடுத்த போகிவரை அங்கேயே காய்ந்து கிடப்பது வழக்கம், அது கிடக்கிறது, அவர் தினமும் பள்ளிக்கூடத்துக்கு அதன் கீழே குனிந்துதான் போய்வருகிறார். குனியவேண்டிய உயரத்தில் இல்லை, இருந்தாலும் குனிகிறார்.

கிளையை ஒடிக்கவில்லை. ஒடிக்கத்தானே வந்தாய், ஒடி என்று தன்னையே அதட்டிப் பார்த்தார், கை பூவைத்தான் பிரித்துக்கொண்டிருந்தது. ஐந்து புல்லி, சமமில்லாதவை. ஐந்து அல்லி, மஞ்சளுக்குள் ஆரஞ்சு நரம்பு, ஓரத்தில் சுருக்கம். நடுவில் பச்சைச் சூலகம் ஒரு பக்கமாக வளைந்து நிற்கும், ஒரு பூவில் இடது பக்கம், பக்கத்துப் பூவில் வலது பக்கம், கண்ணாடியில் பார்த்த மாதிரி. மகரந்தத்தாள் பத்து. பத்தில் மேலே இருக்கும் மூன்று மலடு. பார்க்க மகரந்தத்தாள்தான், தண்டு உண்டு, தலை உண்டு, உள்ளே ஒன்றும் கிடையாது. பின்னே எதற்கு சார் அது இருக்குது என்று ஒருமுறை ஒரு பெண் எழுந்து கேட்டாள், இருக்குது, அவ்வளவுதான், படத்துல வரைய மறந்துராதீங்க என்று சமாளித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். படம் என்றால் இன்னொரு படமும் உண்டு, மூர்த்தி காணாமல்போன பிறகு போனில் வந்த படம், ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் பேர் தெரியாத ஆள் ஒருவன் பேச்சில்லாமல் படுத்திருக்கிறான், பாருங்கள் உங்கள் ஆளா என்று யார்யாரோ கைமாற்றி அனுப்பிய படம், தாடி, ஒட்டிய கன்னம், ஆனால் நெற்றியும் புருவமும் மூர்த்திதான். அம்மா தொட்டுத் தொட்டுப் படத்தைப் பெரிதாக்கினாள். கோகிலா அந்தப் புருவத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அவனுடைய சட்டைகளை எடுத்து இஸ்திரி போட்டாள். அந்தச் சட்டைகளோடு அவர் ரயிலேறிப் போனார், பாஷை தெரியாமல் ஆளாளுக்குக் கையைக் காட்டிக் கேட்டு, அந்தக் கட்டிலருகே போய் நின்றார். அவனில்லை. வாசலிலிருந்தே தெரிந்துவிட்டது அவனில்லை என்று, ஆனாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டார், அவனும் யாரோ வந்துவிட்டார்கள் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் ஒன்றை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்தார், மற்றவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார், ஒன்று குறைவதைக் கோகிலா கேட்கவில்லை.

கருவண்டு ஒன்று வந்து அவர் கைக்குப் பக்கத்துப் பூவில் தொங்கியது. பூ அதன் கனத்தில் தலை சாய்ந்தது. வண்டு இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் நடுக்கி உர்ரென்று ஒரு சத்தம் போட்டது, அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம், ஆவாரையின் மகரந்தப்பை மற்றப் பூக்களைப்போல நெடுக வெடித்துக் கொட்டிவிடாது, நுனியில் ஒரு துளை மட்டும் இருக்கும், இப்படி ஒருவன் வந்து பிடித்து உலுக்கினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும், இல்லையென்றால் பூவோடு பூவாக உதிர வேண்டியதுதான். தன்னை உலுக்க யாரும் வரவில்லை என்று நினைத்தார். நினைத்ததும் கூச்சமாக இருந்தது, பாவம் என்ன பெரிய மனுஷன், உலுக்க ஆள் தேடுகிறார். ஆனால் உள்ளே இருந்தது இருந்தது. அது என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும், ரயிலில் திரும்பி வரும்போதே தெரியும், மேல்படுக்கையில் படுத்துக்கொண்டு விசிறியைப் பார்த்தபடி வந்தபோது ஒரு எண்ணம் வந்து மார்மேல் உட்கார்ந்தது. அவன் உடம்பு கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும். செத்துப்போயிருந்தால் நன்றாயிருக்கும் என்றில்லை, அப்படியில்லை, ஐயோ அப்படியில்லை, செத்தது செத்ததாக இருந்தால். அழுது முடித்து, குளித்து, சோறு தின்று, தூங்கி எழலாம். தம்பியைத் தூக்கி வளர்த்தவன் நினைக்கிற நினைப்பா இது. அவனுக்குச் சைக்கிள் பழக்கியபோது பின்னால் பிடித்திருக்கிறேன் பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கையை விட்டார், அவன் தெருமுனை வரை போய்த்தான் திரும்பிப் பார்த்தான், அண்ணன் எங்கேயோ நிற்கிறான், முகத்தில் அப்படி ஒரு திகில், அந்தத் திகிலோடுதான் அந்தத் தண்ணீரிலும் திரும்பிப் பார்த்திருப்பானோ. வேண்டாம். வேண்டாம் என்றால் மனசு எங்கே கேட்கிறது. இந்தக் கொத்தை ஒடித்துக் கொண்டுபோய்க் கட்டினால் இன்னும் ஒரு வருடம், அடுத்த போகிக்கு மறுபடி இன்னும் ஒரு வருடம், கோகிலா குங்குமம் வைத்துக்கொண்டு அடுப்பை அணைத்து அணைத்து ஏற்றுவாள், அம்மா சாகவும் முடியாமல் கிடப்பாள். வெறுங்கையோடு போனால் இன்றைக்கே தன் கையாலேயே அவனைக் கொன்றதாகும். வண்டு அடுத்த பூவுக்குப் போனது. கிளையை விட்டுவிட்டார், அது மேலே போய் ஆடி நின்றது, பூ ஒன்றுகூட உதிரவில்லை.

திரும்பி வரும் வழியில் பைபாஸ் ஓரத்தில் புதிதாக மனை போட்டிருக்கிற நகரின் நுழைவு வளைவு. வளைவுக்கு உள்ளே தார்ச்சாலையின் இரண்டு பக்கமும் நர்சரியிலிருந்து வாங்கிவந்து நட்ட செடி வரிசையாக மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. போகி அன்று அங்கே குடியிருப்பவர்கள் அதைத்தான் ஒடித்துக் காப்புக் கட்டுகிறார்கள், ஆவாரை என்றே நினைக்கிறார்கள், அவரும் இரண்டு வருடமாக யாரிடமாவது சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டார். ஸ்கூட்டர் தானாக நின்றது என்று சொன்னால் பொய், அவர்தான் நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பார்த்தார். அதே மஞ்சள், அதே ஐந்து அல்லி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டிப் பிறந்த மாதிரி. பத்து மகரந்தத்தாளும் வளமானவை, மலடு கிடையாது. சுரப்பி கீழ் இரண்டு மூன்று ஜோடிக்கு மட்டும். காம்படியில் விரலை வைத்துத் தடவினார், மெல்லிய நூல் மாதிரி ஏதோ இருந்தது, காது இல்லை. இதைக் கட்டினால் காப்புக் கட்டியதும் ஆகாது, கட்டாமல் விட்டதும் ஆகாது. அம்மாவுக்குக் கண்புரை, கோகிலா டவுனில் பிறந்தவள், மஞ்சளாக இருந்தால் சரி. யாரிடமும் பொய் சொன்னதாகாது, யாரையும் கொன்றதாகவும் ஆகாது, அவருக்கு மட்டும் தெரியும். எவ்வளவு சாமர்த்தியம், இதற்குத்தானா முதுகலை வரை படித்தது என்று தோன்றியது, தோன்றினாலும் கை சரசரவென்று ஒடித்தது, இதற்குக் கை தயங்கவேயில்லை. அப்பாடா என்று இருந்தது. வழியில் காலி மனையில் பூளையும் கோயில் வேம்பில் நாலு கொத்தும் பறித்துப் பையில் திணித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

பையைப் பார்த்ததும் கோகிலா உள்ளே போய் முக்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டுப் பிடித்துக்கொண்டாள். அம்மா கதவோரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு இறவாரத்தில் புதுக் காப்பு ஆடிக்கொண்டிருந்தது. குழந்தைவேல் முழங்காலைத் தடவிக்கொண்டு மேலே ஏறினார். பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டவேண்டும், இது கரட்டில் நின்றபோது ஞாபகம் வந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பார்த்தால் ஒரு வருடத்துப் புழுதி. பூ போய்விட்டது, சிற்றிலைகள் தொட்டால் பொடியாயின. காதுகள் மட்டும் காய்ந்து விறைத்துத் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன, தட்டையான நெற்றுகள் கொத்தாகத் தொங்கின. நைலான் முடிச்சில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். இறுகியது. வேறு பக்கம் இழுத்தார், இன்னும் இறுகியது.

"வராதுங்க மாமா," என்றாள் கோகிலா கீழேயிருந்து. "அருவாமனை கொண்டாரட்டுங்களா? அறுத்துப் போடலாம்."

பால் பாக்கெட்டை அறுப்பதைப்போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் குனிந்து பார்த்தார். வகிடும், வகிட்டில் குங்குமமும், முக்காலியை இறுகப் பிடித்த இரண்டு கையும் தெரிந்தன. இவள் கதறுவாள் என்றல்லவா இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தார். கதறுகிற முகமில்லை அது, தூங்கி எத்தனையோ நாளான முகம். அவருக்குத் தன் அலுப்பு ஒன்றுதான் அந்த வீட்டில் இருப்பதாக ஒரு நினைப்பு இருந்தது, அது அப்போதுதான் போனது.

"கோகிலா, நான் கொண்டுவந்தது ஆவாரை இல்ல."

"பின்ன என்னதுங்க?"

"பாக்க அதே மாதிரி இருக்கும். பைபாஸுல நட்டு வெச்சிருக்கற செடி. கரட்டுல ஆவாரை பூத்துக் கெடக்குது. ஒடிக்க மனசு வரல."

"ஏஞ்சாமி?" என்றாள் அம்மா.

முக்காலிமேல் நின்றுகொண்டு சொல்லவேண்டிய விஷயமில்லை. இறங்கினால் சொல்லமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"அவன் இனி வரமாட்டாம்மா. எனக்கு அப்படித்தான் தோணுது."

எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது. கோகிலா முக்காலியை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"இதச் சொல்றதுக்கு இத்தன நாளாச்சுங்களா மாமா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "யாராச்சும் ஒருத்தரு சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங். நானே எப்படிங்க சொல்றது?"

அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பழைய காப்பை அண்ணாந்து பார்த்தாள்.

"அறுக்க வேண்டாம். அவுத்து எடு. அவன் கை பட்டது."

அவர் மறுபடி முடிச்சில் கை வைத்தார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, எந்த இழை எதற்குள் போகிறதென்று தெரியவில்லை, இழுக்க இழுக்கக் கல்லாக இறுகியது, இருபத்தைந்து வருடம் நுண்ணோக்கியில் குனிந்த கண் ஒரு லாரிக் கயிற்றில் தோற்று நின்றது. கோகிலா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எறங்குங்க மாமா. நான் பாக்கறன்."

அவர் இறங்கினார். அவள் ஏறினாள். ஒருகணம் முடிச்சைத் தொடாமல் பார்த்தாள்.

"நீங்க இழுக்கற பக்கம் இழுத்தா எறுகத்தான் செய்யும். இதோ இந்த வால் இருக்குது பாருங்க, இத இழுக்கோணும். வண்டில தண்ணிக்கொடம் கட்டறதுக்கு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. எவ்வளவு பாரமானாலும் ஒரே இழுப்புல வரோணும், அப்பத்தான் முடிச்சுன்னு சொல்லுவாரு."

சுண்டி இழுத்தாள். அத்தனை நாள் காற்றுக்கும் மழைக்கும் அசையாதது சத்தமில்லாமல் அவிழ்ந்து அவள் கைக்குள் வந்தது, நெற்றுக்குள் விதைகள் கலகலவென்றன. அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முக்காலிமேல் நின்றபடியே அவள் அழ ஆரம்பித்தாள். அம்மா நாற்காலியிலிருந்தே அவன் பேரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டாள். குழந்தைவேல் முக்காலியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், இந்தத் தடவை விடவில்லை.